வீட்டு வளவில் வல்லாரை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வல்லாரை எங்கள் ஊர்களுக்குப் புதியதல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வாய்க்கால் ஓரங்களிலும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்வட்டைகளின் வரம்புகளிலும் அது தன்பாட்டில் படர்ந்து கிடக்கும். ஆனால் கண்ட இடத்தில் பிடுங்கி வந்து சம்பல் போடும் காலம் போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன். வல்லாரை வேண்டுமென்றால் அதை வளவிலேயே வளர்க்கவேண்டும். வளர்த்ததை மருந்தென்று எண்ணி அளவில்லாமல் குடிக்காமல், கறியோடு கறியாகச் சாப்பிடவேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுதியவை.

வல்லாரை என்று நினைத்து வேறு கொடியைப் பறித்துவிடாமல் எப்படி அடையாளம் காண்பது?

வல்லாரை தரையோடு தரையாக ஓடும். ஓடுகிற தண்டின் ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர் இறங்கும், மேலே நீண்ட காம்போடு இலைகள் எழும்பும். இலை சிறுநீரக வடிவம். அதன் ஓரம் மழுங்கிய பற்களோடு நெளிந்திருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும், அங்கிருந்து நரம்புகள் விசிறியாகப் பிரியும். பூவைத் தேடித்தான் காணவேண்டும்: இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, செந்நிறம் கலந்த மிகச் சிறிய பூக்கள். இலையைக் கசக்கி மணந்தால் கரட் இலையின் வாசம் லேசாக வரும். கரட், கொத்தமல்லி எல்லாம் இதன் குடும்பம்தான். தாவரவியலில் இதன் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா.

குழப்பம் தருபவை மூன்று. ஒன்று, அலங்காரத் தொட்டிகளில் வைக்கும் நீர்ச்செடி. அதன் இலை முழு வட்டமாக இருக்கும், காம்பு இலையின் நடுவில் ஒட்டியிருக்கும், வெட்டே இருக்காது. இரண்டாவது எலிச்செவிக் கீரை. இலை வல்லாரையைப் போலவே தெரியும், ஆனால் சிறியது, மஞ்சள் பூ பூக்கும். மூன்றாவது நீர்ப்பிரமி. சதுப்பில் வளரும், இலை சிறிதாகத் தடித்து நீள்வாக்கில் இருக்கும், பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா. நீர்ப்பிரமியும் நல்ல மூலிகைதான். ஆனால் அது வேறு செடி, அதன் குணமும் வேறு.

வெட்டு, பல் ஓரம், கணுவில் வேர் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் வல்லாரை. சந்தேகம் இருந்தால் ஒரு கொடியை வேரோடு எடுத்து, ஊரில் தெரிந்த பரியாரியாரிடமோ பக்கத்து ஆயுர்வேத வைத்தியசாலையிலோ காட்டிக் கேளுங்கள்.

வாய்க்காலில் சும்மா கிடைப்பதை ஏன் கஷ்டப்பட்டு வளர்க்கவேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வது.

வல்லாரை நிற்கும் மண்ணிலும் நீரிலும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவற்றை வேரால் எடுத்து இலைவரை கொண்டுபோகும். பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட விஷயம் இது. கழுவினால் இலைமேல் உள்ள அழுக்குப் போகும், உள்ளே ஏறியது போகாது. அதனால் பெருந்தெரு ஓரம், வாகனம் திருத்தும் இடத்துக்குப் பக்கம், பழைய பற்றரி கொட்டிய இடம், கழிவு ஓடும் கான் ஆகிய இடங்களில் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் அதைத் தொடவேண்டாம். அந்தச் செழிப்பே பல நேரம் கழிவு நீரால் வந்தது.

வயல் வரம்பில் உள்ள பிரச்சினை வேறு. வேளாண்மைக்குக் களைநாசினியும் பூச்சிநாசினியும் அடிக்கும்போது வரம்பிலும் படும். அடித்தது யார், எப்போது என்று பறிக்கிறவருக்குத் தெரியாது. தேங்கிய வயல்நீரில் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கிக் கீரை பறிப்பது பயப்படவேண்டிய வேலை.

பிறகு புழு முட்டை. வல்லாரை இலை மண்ணைத் தொட்டுக்கொண்டே வளர்வது. ஆடு, மாடு, நாய் எல்லாம் நடமாடும் இடத்தில் நிற்கும் கீரையை நாங்கள் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். மண்ணைத் தொட்டு வளர்வதும் பச்சையாகச் சாப்பிடுவதும் வல்லாரையில் சேர்ந்தே வருகின்றன. சொந்தப் பாத்தி என்றால் மண் என்ன, தண்ணீர் என்ன, எரு என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வளவு வெறும் கடல்மணல். வல்லாரை வருமா?

வரும். ஆனால் மணலில் அப்படியே நட்டால், தென்மேற்கிலிருந்து வறட்சியாக அடிக்கும் கச்சான் காற்று தொடங்கின கையோடு கருகும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலும், கல்குடாவிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில் வரையும், கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் முதல் சிக்கல். மணல் தண்ணீரை வைத்திருக்காது, போட்ட எருவையும் தண்ணீரோடு கீழே விட்டுவிடும். ஆகவே மணலுக்குள் ஈரம் தங்கும் ஒரு படுக்கையை நாங்களே செய்துகொடுக்கவேண்டும்.

முதலில் இடம். காலை வெயில் பட்டு, நண்பகலுக்குப் பிறகு நிழல் விழும் இடம் நல்லது. வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் அல்லது தென்னைகளுக்கு நடுவில். தென்னைக்கு மிக அண்மையில் வேண்டாம், அதன் வேர் உங்கள் எருவை எல்லாம் இழுத்துவிடும், ஆறடி தள்ளியிருக்கட்டும்.

ஒரு மீற்றர் அகலத்தில், வேண்டிய நீளத்துக்கு, ஓரடி ஆழம் தோண்டுங்கள். அகலம் அதற்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, மிதித்துத்தான் பறிக்கவேண்டி வரும். அடியில் தேங்காய்ப் பொச்சை நெருக்கமாக, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். தென்னந்தோட்டங்களில் ஈரம் காக்கப் பொச்சுப் புதைக்கிற அதே முறைதான். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதோடு, மக்கும்போது பொட்டாசியமும் கொடுக்கும். அதற்கு மேல் நன்றாக மக்கிய மாட்டெரு, கூட்டெரு, கிடைத்தால் படுவான்கரையிலிருந்து கொஞ்சம் களிமண் அல்லது குளத்து வண்டல். இவற்றைத் தோண்டிய மணலோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். மேல்மட்டம் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். கோடையில் ஊற்றும் தண்ணீர் வெளியே ஓடாமல் உள்ளேயே இறங்கும்.

நிரப்பியவுடன் நடவேண்டாம். இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். அரைகுறையாக மக்கிய எருவின் சூடு அதற்குள் தணிந்துவிடும்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் மேலே ஒரு கிடுகுப் பந்தல் கட்டாயம் தேவை. மூன்றடி உயரத்தில் நாலு கம்பு, அதன்மேல் இடைவெளி விட்டுப் பரப்பிய கிடுகு, அவ்வளவுதான். கடையில் விற்கும் பச்சை நிழல்வலையும் உதவும், பாதி வெளிச்சம் விடுகிற வகையாக வாங்குங்கள். முழு இருட்டில் வைத்தால் காம்பு நீண்டு இலை மெலிந்துபோகும். கடலுக்கு மிகக் கிட்ட இருந்தால் உப்புக்காற்று நேரே படாதபடி கிழக்குப் பக்கம் வேலியும் வேண்டும்.

களுதாவளைப் பக்கம் இதே மணலில் வெற்றிலை வளர்க்கிறார்கள். நிழலும் எருவும் ஈரமும் கொடுத்தால் இந்த மண் ஏமாற்றாது.

படுவான்கரைக் களிமண்ணில்?

அங்கே வேலை குறைவு. பள்ளத்துக்குப் பதிலாக அரையடி உயர்த்திய பாத்தி போட்டு, கூட்டெருவும் கொஞ்சம் மணலும் கலந்தால் போதும். வல்லாரை ஈரம் விரும்பிதான், ஆனால் மாரியில் நாள்கணக்காகத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அழுகும். அம்பாறை நகர்ப்பக்கத்துச் செம்மண்ணும் நல்லதுதான். கோடையில் மேல்மண் இறுகாமல் காய்ந்த இலையால் மூடிவைத்தால் சரி.

எந்த மாதம் நடலாம்?

எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் நட்டால் கனமழை மண்ணை அடித்து இளங்கொடியைக் கிளப்பிவிடும். நான் சொல்வது தை கடைசி அல்லது மாசி தொடக்கம். மண்ணில் ஈரம் இருக்கும், மழை விட்டிருக்கும், கச்சான் வருவதற்குள் கொடி பாத்தியை மூடிவிடும். இதைத் தவறவிட்டால் ஐப்பசியின் முதல் மழையோடு நடுங்கள். சித்திரை, வைகாசியில் புதிதாகத் தொடங்குவது தண்ணீருக்கும் உடம்புக்கும் வீண் செலவு.

நடுகை எங்கே எடுப்பது? விதை போடலாமா?

விதை மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் முளைக்கும், அதை விடுங்கள். சந்தையில் வேரோடு கட்டி விற்கும் வல்லாரையில் நல்ல கணுக்களைத் தெரிந்து எடுத்தாலே பாத்தி ஒன்றுக்குப் போதும். வளர்க்கிறவர் யாராவது தெரிந்திருந்தால் அதைவிட நல்லது.

வேர் இறங்கிய கணு ஒன்றோ இரண்டோ இருக்கும்படி கொடியைத் துண்டாக்குங்கள். பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஓரிரண்டு குருத்திலையை மட்டும் விடவேண்டும். ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில், வேர் மண்ணுக்குள்ளும் கணுவின் தலை வெளியிலும் இருக்குமாறு மாலையில் நடுங்கள். முதல் பத்து நாள் மண் ஒரு நேரமும் காயக்கூடாது. அப்புறம் புதுக்குருத்து வரும், பிறகு கொடி தானே ஓடத் தொடங்கும்.

வகையைப் பற்றியும் கேட்கிறார்கள். சந்தைக்காக வளர்க்கும் வல்லாரை காம்பு நீண்டு நிமிர்ந்து நிற்கும், இலை பெரியது, பறிக்க இலகு. தானாகப் படரும் வல்லாரை சிறிய இலை, ருசி கூர்மை. பாத்திக்கு முதல் வகை, சாடிக்கு இரண்டாவது என்பது என் தெரிவு. நிழல் கூடக்கூட எந்த வகையும் காம்பு நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் சவர்க்கிறது. அதை ஊற்றலாமா?

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம் எங்களுடையது. மழை நின்று மாதங்கள் ஆக ஆகக் கிணற்றில் உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வல்லாரை உப்பைத் தாங்காது. இலையின் ஓரம் தீய்ந்த மாதிரிக் கபிலமாகிச் சுருண்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள், நோயைத் தேடவேண்டாம்.

லேசான சவர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வேர் வரை நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். உப்பு மேலே தங்காமல் கீழே இறங்கும். இலையில் படாமல் மண்ணில் ஊற்றவேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் எல்லாம் பாத்திக்கு வரட்டும். குழாய்த் தண்ணீர் வசதி இருந்தால் கிழமைக்கு ஒரு தரம் அதை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். வாய் கூசும் அளவுக்கு உப்புத் தண்ணீர் என்றால் தரையில் நடுவதை விட்டுவிட்டு, மழைத்தண்ணீரைச் சேர்த்துவைத்து இரண்டு சாடியில் மட்டும் வளர்ப்பதே நல்லது.

சாடியிலும் பழைய பேசினிலும் வளர்க்கலாமா?

தாராளமாக. வல்லாரையின் வேர் ஆழம் போகாது. அரையடி ஆழமும் நல்ல அகலமும் உள்ள எந்தப் பாத்திரமும் சரி: வெடித்த பேசின், பாதியாக வெட்டிய தண்ணீர்க் கான், அரிசிச் சாக்கு. அடியில் துளை கட்டாயம் இருக்கவேண்டும். பழைய டயரையும் பெயின்ற் வாளியையும் மட்டும் விட்டுவிடுங்கள். கீரை வளர்க்க அவற்றை நான் நம்புவதில்லை.

ஒன்றை மறக்கவேண்டாம். சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும். மாரியில் எங்கள் மாவட்டங்களில் டெங்கு எப்படிப் பரவும் என்று தெரியும்தானே. தட்டே வேண்டாம். சாடியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கம் நடலாமா? எப்போதும் ஈரமாக இருக்கிறதே.

அங்கே வாழை நடுங்கள். சவர்க்காரமும் சலவைத்தூளும் கலந்த தண்ணீரில் நின்ற கீரையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. மலசலகூடக் குழிக்கு அண்மையிலும் இதே பேச்சுத்தான்.

எரு என்ன போடலாம்?

மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் போதும். ஒவ்வொரு முறை பறித்து முடித்ததும் கொடிகளுக்கு இடையில் ஒரு கைபிடி தூவி, மேலே தண்ணீர் ஊற்றுங்கள். ஆட்டுப்புழுக்கை என்றால் பொடியாக்கி மாதக்கணக்கில் மக்கவைத்த பிறகுதான். பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு அது ஆகாது, கிருமி நேரே இலைக்கு வந்துவிடும். யூரியா போட்டால் இலை கொழுக்கும், ருசி போய்விடும். வீட்டுப் பாத்திக்கு எதற்கு அது?

இலை மஞ்சளாகிறது, புள்ளி விழுகிறது, ஓட்டை விழுகிறது. மருந்தடிக்கலாமா?

அடிக்கவேண்டாம். கிள்ளி அப்படியே வாயில் போடும் கீரைக்கு இரசாயன மருந்து அடித்தால், வளவில் வளர்த்ததில் என்ன பயன்?

எல்லா இலையும் சேர்ந்து வெளுத்து மஞ்சளானால் அது பெரும்பாலும் எரு குறைவு. மழைக்காலத்தில் கபிலப் புள்ளி விழுந்தால் பூஞ்சணம். நெருக்கத்தைக் குறைத்து, புள்ளி விழுந்த இலைகளை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். ஓட்டையும் பளபளவென்ற கோடும் இருந்தால் நத்தை. இருட்டின பிறகு ரோச்சு வெளிச்சத்தோடு போனால் கையோடு பிடிக்கலாம். கையுறையோ பையோ போட்டுப் பிடியுங்கள், நத்தையைத் தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். நத்தை ஊர்ந்த இலையைச் சம்பலுக்கு எடுக்கவேண்டாம்.

மணலில் அதிகமாக வரும் ஒரு தொல்லை, வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம். அது வட்டப்புழு. கொடி காரணமில்லாமல் குன்றிப்போனால் ஒன்றைக் கிளப்பி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்தப் பாத்தியைக் கைவிட்டு, அங்கே துலுக்கச் செவ்வந்திச் செடியை (மேரிகோல்ட்) ஒரு போகம் நட்டு, வல்லாரையை வேறு இடத்தில் புதுக்கணுவால் தொடங்குங்கள். பெரிய அளவில் பாதிப்பு என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துக் கேட்கலாம்.

வெள்ளம் பாத்திக்கு மேலால் போனால்? இலை முழுவதையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அடுத்து வரும் தளிரைச் சமைத்தே சாப்பிடுங்கள்.

நட்டு எத்தனை நாளில் பறிக்கலாம்?

பராமரிப்பு நன்றாக இருந்தால் இரண்டரை, மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. இலையைக் காம்போடு கத்தரியால் வெட்டுங்கள், கொடியை இழுக்கவேண்டாம். பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டி, மற்றப் பக்கத்தை விட்டு, மாற்றி மாற்றிப் பறித்தால் எப்போதும் கையில் கீரை இருக்கும். ஒன்றரை, இரண்டு ஆண்டில் கொடிகள் பின்னிப் பாத்தி களைத்துவிடும். அப்போது கிளப்பிப் புதிதாக நடவேண்டும்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போதாதா?

போதாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சிறு பூச்சிகள் கழன்று வரும், புழு முட்டை சாகாது. இலையை உரசிக் கழுவுவதுதான் முக்கியம். முதலில் வேரையும் பழுத்த இலையையும் நீக்குங்கள். இரண்டு மூன்று தண்ணீரில் மண் போகும்வரை அலசுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாக இரண்டு பக்கமும் விரலால் தேய்க்கவேண்டும். கடைசியாகக் கொதித்தாறிய நீரில் ஓர் அலசல். அரிந்த பிறகு கழுவினால் சத்துத் தண்ணீரோடு போகும். கழுவிய பிறகே அரியுங்கள். சந்தையில் வாங்கியதைச் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல், சுண்டலாகவோ கஞ்சியாகவோ சமைத்துக் கொடுங்கள்.

சம்பலும் கஞ்சியும் எப்படிச் செய்வது?

நாலு பேருக்குச் சம்பல் என்றால் இரண்டு கைபிடி வல்லாரை. இளங்காம்பையும் சேர்க்கலாம். கூரான கத்தியால் எவ்வளவு பொடியாக அரிய முடியுமோ அவ்வளவு பொடியாக அரியுங்கள், கசப்பு அடங்கும். ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கால் மூடித் தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் மிளகுதூள். மாசிக் கருவாடு சேர்ப்பவர்கள் அதை இடித்து ஒரு தேக்கரண்டி போடலாம். தேங்காய்ப்பூவையும் வெங்காயத்தையும் உப்போடு முதலில் பிசைந்துவிட்டு, சோறு போடும் நேரத்தில் வல்லாரையைக் கலந்து தேசிக்காய் பிழியுங்கள். முன்னதாகவே கலந்து வைத்தால் இலை வாடிக் கறுத்துப்போகும்.

தேசிக்காயும் தேங்காயும் ருசிக்கு மட்டும் இல்லை. தேசிப்புளியில் உள்ள விற்றமின் சீ, கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கீரையில் இருந்து விற்றமின் ஏ ஆக மாறும் சத்து சேர, தேங்காயின் எண்ணெய்த்தன்மை வேண்டும். வயதானவர்கள் பழகிவைத்த சேர்மானத்தை மாற்றத் தேவையில்லை.

கஞ்சிக்கு அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசியை இரண்டு பல் உள்ளியோடு நன்றாகக் குழைய அவியுங்கள். ஒரு கைபிடி வல்லாரையைக் கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு அரைத்துப் பிழிந்து, அரிசி குழைந்த பிறகு சாற்றைச் சேருங்கள். உப்புப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அதிக நேரம் கொதித்தால் பச்சை நிறம் மங்கி, மணமும் போகும். ஒரு கடி கருப்பட்டியோடு காலையில் குடித்தால் மதியம் வரை பசிக்காது. நோன்பு திறக்கும் நேரத்துக்கும் இந்தக் கஞ்சி நல்லது.

மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறாள். தினமும் வல்லாரைச் சாறு கொடுத்தால் ஞாபகசக்தி கூடுமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். கேட்கிற தாய்மாரின் மனம் எனக்கு விளங்குகிறது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வல்லாரையை மூளைக்கு உரியதாக நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் மனிதரில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2017இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, ஞாபகத்தையும் சிந்தனைத் திறனையும் வல்லாரை கூட்டுகிறது என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. உற்சாகம் சற்றுக் கூடலாம் என்ற குறிப்பு மட்டும் அதில் உண்டு.

ஆகவே மகளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் சம்பலோ கஞ்சியோ கொடுங்கள், அது நல்ல கீரை. வெறும் வயிற்றில் கசப்புச் சாற்றை மூக்கைப் பிடித்துப் பருக்கவேண்டாம். காலைச் சாப்பாடு, போதிய நித்திரை, வீட்டில் அமைதி ஆகிய மூன்றும் பரீட்சைக்குச் செய்யும் உதவியை எந்த இலையும் செய்யாது. மறதி, கவனக்குறைவு உண்மையிலேயே கவலை தரும் அளவுக்கு இருந்தால் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். கண்பார்வைக் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் பிள்ளைகளைப் படிப்பில் பின்தள்ளும், இரண்டையும் இலகுவாகக் கண்டுபிடிக்கலாம்.

யார் யார் கவனமாக இருக்கவேண்டும்?

கறியாகக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சாப்பிடுவது சுகதேகிகளுக்குப் பிரச்சினை இல்லை. சாறு, பொடி, மாத்திரை என்று செறிவாக எடுப்பதுதான் வேறு கதை. 2005இல் ஆர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையைச் சில கிழமைகள் எடுத்த 3 பெண்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததை வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். மாத்திரையை நிறுத்தியதும் குணமானார்கள். அரிதானதுதான், ஆனாலும் ஈரல் நோய் உள்ளவர்கள், செங்கமாரி வந்து போனவர்கள் மருந்தளவில் எடுக்கவே கூடாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாறு, பொடி, மாத்திரை என்று செறிவாக எடுப்பதைத் தவிர்க்கவேண்டும். நித்திரைக் குளிசை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடலாம். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குடிப்பவர்கள் எந்தப் பச்சை இலைக்கறியையும் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கிளினிக்கில் சொல்லிவிட்டு ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். சீனி வருத்தம், பிரஷர் இருப்பவர்கள் வல்லாரையை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்துவது ஆபத்து. அப்படி நிறுத்துகிறவர்கள் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மருந்தாகவே எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. முறையாகப் படித்தவர்கள் நம் மாகாணத்திலேயே இருக்கும்போது, கேள்விப்பட்டதை வைத்து நாமே அளவு தீர்மானிக்கத் தேவையில்லை.

காயத்துக்கு இலையை அரைத்துக் கட்டலாமா?

வேண்டாம். வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைட் போன்ற சில சேர்மங்கள் தோல் ஆற உதவுவது உண்மை, அவற்றைப் பிரித்தெடுத்து களிம்பும் செய்கிறார்கள். ஆனால் களிம்பு சுத்திகரித்தது. அம்மியில் அரைத்த இலையில் மண் கிருமி இருக்கும். திறந்த காயத்தில் அதை வைத்தால் ஏற்புவலிக்கே இடம் கொடுத்ததாகும். காயத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, வைத்தியசாலைக்குப் போய் ஊசி தேவையா என்று கேளுங்கள். சீனி வருத்தக்காரரின் கால் புண்ணில் எந்தப் பச்சிலையும் படக்கூடாது.

காயவைத்துப் பொடியாக்கி வைத்தால் எவ்வளவு காலம் இருக்கும்?

நிழலில், காற்றோட்டமாக, சருகுபோல நொறுங்கும்வரை காயவைத்தால் கண்ணாடிப் போத்தலில் சில மாதம் இருக்கும். மாரியில் முயல வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். எனக்குப் பச்சை இலைதான் விருப்பம். பறித்ததை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாலு நாள் வாடாது. வேரோடு பிடுங்கியது என்றால் ஒரு கிளாசுத் தண்ணீரில் நிறுத்திவைக்கலாம், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கொடி அனுப்பலாமா?

மண்ணோடும் வேரோடும் செடி அனுப்புவதைப் பெரும்பாலான நாடுகள் தடுப்புக்காப்புச் சட்டத்தால் மறிக்கின்றன. பெட்டிக்குள் ஒளித்து அனுப்பினால் பறிபோவதோடு மகனுக்குத் தண்டமும் வரலாம். கனடா, லண்டன், சுவிஸ் எல்லா இடமும் தமிழ்க் கடைகளில் வல்லாரைக் கட்டு வருகிறது. அதில் வேர் உள்ள கணுவை எடுத்து யன்னலோரச் சாடியில் நடச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் வீட்டுக்குள் வைத்து, மண் காயாமல் பார்த்தால் தப்பிக்கொள்ளும். வளைகுடா நாட்டில் என்றால் குளிரூட்டியின் காற்று நேரே படாத, வெளிச்சமுள்ள அறையில் வைக்கட்டும். பல்கனி வெயில் அங்கே ஒரு பகலிலேயே கொடியைக் கருக்கிவிடும்.